‘ஆள் கிடைக்கவில்லை’ என்னும் புகார்

புதிய மருந்தை மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வுகளுக்கு நம் பக்கத்தில் ஆள் சேர்ப்பது பெரும்பாடு என்று மருத்துவர் ஒருவர் பேச ஆரம்பித்தால், அடுத்து என்ன சொல்வார் என்பதை நாமே சொல்லிவிடலாம். மக்களுக்கு விவரம் போதாது. ‘நம்மள வச்சு மருந்து பாக்காவ’ என்று மிரள்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வருவதை நம்புகிறவர்கள் டாக்டர் சொல்வதை நம்புவதில்லை. ஆகவே விழிப்புணர்வு முகாம் நடத்த வேண்டும், நோட்டீஸ் அடித்துக் கொடுக்க வேண்டும். கருத்தரங்க மேடையிலும் இதே பேச்சுதான், மருந்து நிறுவன அறிக்கையிலும் நாளிதழ்ப் பேட்டியிலும் இதே பேச்சுதான்.

இது தவறான கருத்து. சொல்பவருக்கு மிகவும் வசதியான தவறு. ஆய்வு தோற்றால் பழி ஆய்வில் சேராதவன் தலையில் விழும். ஆய்வைத் திட்டமிட்டவரை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

அறியாமைதான் காரணமா என்று பார்க்க வேண்டுமானால் தமிழ்நாட்டில் குமரி மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 2011 கணக்கெடுப்பில் இங்கே எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்தில் முதலிடம். நெய்யூரில் லண்டன் மிஷனின் மருத்துவப் பணி 1838-லேயே தொடங்கிவிட்டது. கோட்டாற்றில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி, முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி, ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, குலசேகரத்தில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி. களியக்காவிளையைத் தாண்டினால் திருவனந்தபுரத்தில் மெடிக்கல் காலேஜ், ஸ்ரீசித்திரா, புற்றுநோய்க்கு ஆர்.சி.சி. நர்சிங் படித்த பெண் இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் தன் கிரியாட்டினின் எவ்வளவு என்று சொல்லிவிடும் பெரியவர்கள் நிறைந்த ஊர் இது. இங்கேயும் ஆள் சேரவில்லை என்றால், அறியாமை என்ற விளக்கம் வேறெங்கும் போவதற்கு முன் இங்கேயே படுத்துவிடுகிறது.

சரி, நம் எழுத்தறிவைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். அங்கே மருத்துவம் இலவசம், வீட்டுக்கு வீடு ஒரு குடும்ப மருத்துவர் உண்டு. அந்த நாட்டில் 1994 முதல் 2002 வரை பொது நிதியில் நடந்த 114 பெரிய ஆய்வுகளைப் பின்னர் ஒரு குழு எடுத்துப் பார்த்தது. முதலில் வைத்த ஆள்சேர்ப்பு இலக்கை எட்டியவை 31 சதவீதம்தான். பாதிக்கு மேற்பட்டவற்றுக்குக் காலநீட்டிப்பு கொடுக்க வேண்டியிருந்தது. மான்செஸ்டரில் ஆய்வு தடுமாறினால் அதற்குப் பெயர் திட்டமிடல் சிக்கல். தக்கலையில் தடுமாறினால் அதற்குப் பெயர் மக்களின் அறியாமை.

அமெரிக்காவின் கதை இன்னும் தெளிவானது. அங்கே புற்றுநோய் வந்தவர்களில் மருந்து ஆய்வில் சேர்கிறவர்கள் நூற்றுக்குப் பத்துப்பேர்கூட இல்லை. ஜோசப் உங்கர் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2019-ல் பல ஆய்வறிக்கைகளைத் தொகுத்துக் காரணத்தைத் தேடினார்கள். பாதிக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு அவர்கள் சிகிச்சை பெறும் இடத்தில் பொருத்தமான ஆய்வு ஒன்றுகூட இல்லை. மேலும் ஐந்தில் ஒரு பங்கினரை ஆய்வின் நிபந்தனைகளே வெளியே தள்ளிவிட்டன. இதே குழு 2021-ல் வெளியிட்டது இன்னொரு கணக்கு: ‘சேருகிறீர்களா?’ என்று நேரில் கேட்கப்பட்ட நோயாளிகளில் 55 சதவீதம் பேர் சம்மதித்திருக்கிறார்கள். கறுப்பின மக்கள் ஆய்வு என்றாலே ஓடுகிறார்கள் என்று அந்நாட்டில் நெடுங்காலமாக ஒரு நம்பிக்கை உண்டு. டஸ்கீகியில் கறுப்பின நோயாளிகளுக்குச் சிகிச்சை கொடுக்காமல் வேடிக்கை பார்த்த ஆய்வின் கொடுமைக்குப் பிறகு அவர்கள் ஓடினாலும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் டேவிட் வென்ட்லர் 2006-ல் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பதில்களைத் தொகுத்துப் பார்த்தபோது, கேட்டால் சம்மதிக்கும் விகிதத்தில் இனங்களுக்கிடையே சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. கேட்கப்படுவதில்தான் வேறுபாடு.

மருந்தியல் அறிஞர் லூயி லசான்யாவின் பெயரால் ஒரு குறும்பு விதி வழங்குகிறது: ஆய்வு தொடங்கும் நாள்வரை நோயாளிகள் ஏராளமாக இருப்பார்கள், தொடங்கிய மறுநாள் காணாமல் போவார்கள். நோயாளிகள் எங்கும் போவதில்லை. சர்க்கரை இருந்தால் வேண்டாம், சிறுநீரகம் லேசாகக் கெட்டிருந்தால் வேண்டாம், எழுபது தாண்டினால் வேண்டாம், வேறு மருத்துவ முறை மருந்து சாப்பிட்டால் வேண்டாம் என்று நிபந்தனைகளை அடுக்கினால் நாஞ்சில் நாட்டில் மிஞ்சுவது யார்? இங்கே ஐம்பது வயதுக்கு மேல் சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்தேதான் வரும். மூட்டுவலிக்கு வர்ம ஆசானிடம் எண்ணெய் வாங்காத, கோட்டாற்றில் கஷாயம் வாங்காத ஆள் உண்டா? இவர்களை நாமே கழித்துவிட்டு, அதன்பின் ஆள் வரவில்லை என்கிறோம். ‘ஸ்க்ரீன் ஃபெயில்யர்’ என்று ஆய்வுக் கோப்பில் எழுதப்படுவது இதைத்தான். பெயரிலேயே தோல்வி நோயாளியின் கணக்கில் போய்விடுகிறது, கவனித்தீர்களா?

இனி பக்கத்து ஊருக்கு வருவோம். குமரி மாவட்டத்தின் பாதிக் குடும்பங்களாவது ஏதோ ஒரு தலைமுறையில் ஏறி இறங்கிய இடம் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. அந்த ஒரே நிறுவனத்தில், ஏறக்குறைய ஒரே காலத்தில், வாய்ப்புற்று என்ற ஒரே நோயைப் பற்றி இரண்டு ஆய்வுகள் நடந்தன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஆள்சேர்ப்பு பற்றிய முழு விவாதமும் அதில் இருக்கிறது.

முதல் ஆய்வு 1990-களின் நடுவில் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 ஊராட்சிகளில் தொடங்கியது. ஏழு ஊராட்சிகளில் 35 வயது தாண்டியவர்களின் வாயைப் பரிசோதிப்பது. மற்ற ஆறில் வழக்கமான மருத்துவம் மட்டும். கேள்வி எளியது: வாயைத் திறந்து பார்த்து வெள்ளைப்படலத்தையும் புண்ணையும் முன்கூட்டியே கண்டுபிடித்தால் சாவு குறையுமா? ஆர். சங்கரநாராயணன் முன்னின்று நடத்திய இந்த ஆய்வில் டாக்டர்கள் வீடுவீடாகப் போகவில்லை. போனவர்கள் பயிற்சி பெற்ற சாதாரணப் பட்டதாரிகள். வீட்டுப் படியேறி, யார் புகைக்கிறார்கள், யார் வெற்றிலை போடுகிறார்கள் என்று விசாரித்து, டார்ச் அடித்து வாயைப் பார்த்தார்கள். மூன்றாண்டு கழித்து மறுபடி வந்தார்கள். அதற்கும் மூன்றாண்டு கழித்து மறுபடியும் வந்தார்கள். பரிசோதிக்கப்பட வேண்டிய 96,517 பேரில் 87,655 பேர் ஒருமுறையாவது வாயைத் திறந்து காட்டினார்கள். அதாவது 91 சதவீதம். உலகின் எந்த நகரத்து ஆய்வாளரும் கனவில்கூட எதிர்பார்க்காத எண். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்தது என்று 2005-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. வாய்ப்புற்றுப் பரிசோதனை பற்றி உலகில் எங்கு பேச்சு வந்தாலும் இன்றும் இந்த ஊராட்சிகளைச் சொல்லாமல் தாண்ட முடியாது.

இரண்டாவது ஆய்வு 1999, 2000 ஆண்டுகளில் மருத்துவமனைக்குள்ளேயே நடந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் உருவாக்கிய வேதிப்பொருளை, வாய்ப்புற்றோடு வந்த இருபத்துச் சொச்சம் நோயாளிகளின் கட்டியில் ஊசியாகச் செலுத்தினார்கள். செலுத்தப்படுவது இன்னும் சோதனையில் இருக்கும் பொருள் என்பது நோயாளிகளுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை என்ற குற்றச்சாட்டு 2001-ல் வெடித்தது. வெளியே கொண்டுவந்தவர் அங்கேயே பணியாற்றிய மருத்துவர் பட்டதிரி. விசாரித்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குறைகளை ஒப்புக்கொண்டு, மனிதர்களைக் கொண்டு நடக்கும் ஆய்வுகளுக்கு அந்த ஆய்வாளர் தலைமை வகிக்கக் கூடாது என்று தடை விதித்தது.

மக்கள் ஒன்றுதான், நோயும் ஒன்றுதான், மொழியும் ஒன்றுதான். ஒன்றில் பத்துக்கு ஒன்பது பேர் வாயைத் திறந்தார்கள். மற்றதன் பெயரைச் சொன்னால் இன்றும் முகம் சுளிக்கிறார்கள். மாறியது ஆய்வாளர்கள் நடந்துகொண்ட விதம் மட்டுமே. ‘நம்மள வச்சு மருந்து பாக்காவ’ என்ற பயத்துக்கு வேர் மூடநம்பிக்கையில் இல்லை. நடந்த சம்பவத்தில் இருக்கிறது.

முதல் ஆய்வுக்குள்ளேயே இன்னோர் எண் ஒளிந்திருக்கிறது. 91 சதவீதத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். வாயில் ஏதோ சந்தேகம் என்று கண்டறியப்பட்டவர்கள் ஐயாயிரத்துச் சொச்சம் பேர். மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள் என்று அவர்களை அனுப்பியபோது போனவர்கள் 63 சதவீதம். யோசித்துப் பாருங்கள். ஒன்றுமில்லாதவன்கூட வீட்டு வாசலில் வாயைத் திறந்தான். வாயில் கோளாறு இருக்கிறது என்று காதால் கேட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் மருத்துவரைத் தேடிப் போகவில்லை. இவர்களுக்கு விவரம் தெரியாதா? அவர்கள் வாயைப் பற்றி அவர்களுக்கே சொல்லியாகிவிட்டது. வாசலுக்கும் மருத்துவமனைக்கும் நடுவே பஸ் இருக்கிறது, கூலி இருக்கிறது, கூட்டுக்குப் போக ஆள் வேண்டியிருக்கிறது. விழிப்புணர்வு முகாம் எத்தனை நடத்தினாலும் இந்த மூன்றும் அப்படியேதான் இருக்கும்.

இதைக் குமரி மாவட்டத்துக் கணக்கில் போட்டுப் பார்க்கிறேன். குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுகிற ஆள் விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் நிற்பார். பால் எடுத்து முடிய காலை பத்து மணி ஆகிவிடும். ஆய்வுக்கு வருகிறவர் வெறும் வயிற்றில் எட்டு மணிக்கு ரத்தம் கொடுக்க வேண்டும் என்றால், அன்றைய வெட்டு போயிற்று. மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, போகிற பெண்களுக்கு உடைத்த அளவுக்குத்தான் கூலி. அரை நாள் போனால் அரை நாள் கூலி போயிற்று. தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் மீனவர் கடலுக்குள் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். சிலர் கொச்சியில் இருந்தே படகேறுகிறார்கள். ‘பதினான்காம் நாள், இருபத்தெட்டாம் நாள், இரண்டு நாள் முன்பின் இருக்கலாம்’ என்று அட்டவணை போட்டவருக்குத் தூத்தூர் என்றொரு ஊர் இருப்பதே தெரியாது. இவர்கள் வராமல் போனால் ‘டிராப் அவுட்’ என்று எழுதுகிறார்கள். நோயாளி ஆய்வைக் கைவிட்டாராம். ஆய்வு அவரை எப்போது கையில் எடுத்தது?

போக்குவரத்துச் செலவும் இழந்த கூலியும் கொடுக்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் சொல்கின்றன. கொடுத்தால் ‘பணம் காட்டி இழுத்ததாக’ ஆகிவிடுமே என்று பயந்து, பல இடங்களில் பஸ் டிக்கெட்டுக்கு மேல் காசு நகர்வதில்லை. விநோதமான நெறியுணர்வு இது. நிறுவனம் நடத்தும் ஆய்வுகளில் ஒரு நோயாளிக்கு இவ்வளவு என்று மருத்துவமனைக்கும் ஆய்வு நடத்தும் மருத்துவருக்கும் தொகை வருகிறது. அதனால் யாருடைய நெறியும் கெடுவதாக யாரும் கவலைப்படுவதில்லை. பால்வெட்டுகிறவருக்கு இழந்த கூலியைக் கொடுத்தால் மட்டும் அறம் கெட்டுப்போகும்.

இந்த இடத்தில் எதிர்வாதம் ஒன்று வரும், வர வேண்டியதுதான். வாயைத் திறந்து காட்டுவதும் தெரியாத மருந்தை விழுங்குவதும் ஒன்றா? ஒன்றல்ல. வாயைப் பார்த்த ஆய்வில் யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை. அதனால் மருந்து ஆய்வையே எடுத்துக்கொள்வோம்.

1956-ல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம் நான்கும் சேர்ந்து நடத்தியது. முன்னின்றவர் வாலஸ் ஃபாக்ஸ். காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்துப் பாலும் முட்டையும் கொடுத்தால்தான் பிழைப்பான் என்று உலகமே நம்பிய காலம். சென்னையின் நெருக்கடியான குடியிருப்புகளில், ஒற்றை அறை வீடுகளில் வாழ்ந்த ஏழைகளில் பாதிப்பேரை சானடோரியத்துக்கும் பாதிப்பேரை வீட்டிலேயே மாத்திரைக்கும் என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு வருஷம், நாள் தவறாமல், வயிற்றைப் புரட்டும் மாத்திரை. வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஈடாகவே குணமானார்கள். அவர்களால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் முடிவு வெளியானபின் உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டன. ஆசாரிப்பள்ளத்தில் இன்று மருத்துவக் கல்லூரி நிற்கிற வளாகமே முன்பு காசநோய் மருத்துவமனைதான். அந்த மருத்துவமனைக் கட்டில்களை வேண்டாதவையாக்கியதில் சென்னையின் குடிசைவாசிகளுக்கும் பங்குண்டு. அவர்களில் எத்தனை பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்திருக்கும்?

அவர்கள் ஏன் நின்றார்கள்? செவிலியர் வீடு தேடிப் போனார்கள், மாத்திரை தீர்ந்ததா என்று எண்ணிப் பார்த்தார்கள். வராதவரைத் தேடிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தார்கள். ஓராண்டுச் சிகிச்சை முடிந்தபின்னும் விடாமல், மொத்தம் ஐந்தாண்டு கூடவே இருந்தார்கள். 1968 முதல் 1971 வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வுக்கு இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்தார் கையை நீட்டினார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற கசப்பான, ஆனால் உலகத்துக்கே தேவைப்பட்ட உண்மை அவர்களால்தான் தெரிந்தது. கொரோனாவின் உச்சத்தில், 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான மூன்று மாதங்களுக்குள், பிளாஸ்மா சிகிச்சை பயன் தருமா என்று பார்க்க 39 இந்திய மருத்துவமனைகளில் 464 நோயாளிகள் சேர்ந்தார்கள். பெரும்பாலானவை அரசு மருத்துவமனைகள். வார்டில் எல்லாரும் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. பயன் இல்லை என்ற பதிலை அவர்கள் கொடுத்தார்கள்.

அந்தக் காலத்து ஆய்வுகளைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் சம்மதம் என்பது இன்றைய பொருளில் இருக்கவில்லை. ஊர்ப் பெரியவர் தலையாட்டினால் ஊரே தலையாட்டிய இடங்கள் உண்டு. 2000-த்தில் திண்டுக்கல் மாவட்டத்தில் தொடங்கிய கருப்பைவாய்ப் புற்று ஆய்வு, வெறும் வினிகர் தடவிப் பார்க்கும் எளிய முறையால் சாவு 35 சதவீதம் குறையும் என்று காட்டியது. பெரிய சாதனைதான். ஆனால் பரிசோதனையே கொடுக்கப்படாத கிராமங்களில் செத்த பெண்களுக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வி பின்னால் எழுந்தது. நியாயமான கேள்வி. மக்கள் எளிதாகச் ‘சரி’ என்று சொல்கிற இடத்தில் நாம் இன்னும் கூடுதலாகப் பதற வேண்டும்.

2009-ல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் ஹெச்.பி.வி. தடுப்பூசித் திட்டத்துக்கு ஆள்சேர்ப்புச் சிக்கலே வரவில்லை. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகளுக்காக விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டார்கள். நாடாளுமன்றக் குழு 2013-ல் இதைக் கடுமையாகக் கண்டித்தது. 2020-ல் போபாலில் தடுப்பூசி ஆய்வுக்கு 750 ரூபாய் தருகிறோம் என்று விஷவாயுவால் பாதிக்கப்பட்ட குடியிருப்புகளில் ஆள் சேர்த்ததாகப் புகார் எழுந்தது. ஆய்வு நடத்திய கல்லூரி மறுத்தது. அறியாமைதான் தடை என்று சொல்கிறவர்களிடம் ஒரு கேள்வி. அறியாமை மிகுந்த இடங்களில்தானே ஆள் மளமளவென்று சேர்கிறார்கள்? நான்கு கேள்வி கேட்கத் தெரிந்த குமரி மாவட்டத்துக்காரர் தயங்குகிறார். விவரம் இருப்பதால்தான் தயங்குகிறார்.

தயங்குகிறவர் முன்னால் என்ன வைக்கிறோம்? பக்கம் பக்கமாக ஒரு தகவல் தாள், ஒரு சம்மதப் படிவம். படிவத்தில் ஆண்டு வருமானம் கேட்கும். நாமினி பெயர் கேட்கும். ஆய்வினால் உயிர் போனால் இழப்பீடு யாருக்கு என்பதற்காகச் சட்டமே கேட்கச் சொல்வது அது, கேட்பது நியாயம்தான். ஆனால் எல்.ஐ.சி. பாலிசியில் மட்டும் நாமினி பார்த்துப் பழகிய ஒருவர், ஓ.பி. வரிசையில் நின்றுகொண்டே, பின்னால் நாற்பது பேர் இடித்துக்கொண்டிருக்கும்போது, அந்தக் கட்டத்தைப் பார்க்கிறார். எதிரே இருப்பவருக்கு ஒதுக்கப்பட்ட நேரம் பத்து நிமிஷம். மறுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் பயந்தாங்கொள்ளியா, புத்திசாலியா?

பயம் பொய்யில்லை என்பதற்கு உச்ச நீதிமன்ற ஆவணங்களே சாட்சி. 2005 முதல் 2012 வரை 475 புதிய மருந்துகளின் ஆய்வுக் காலத்தில் 2,644 பேர் இறந்தார்கள், ஆய்வினால் நேர்ந்தவை அவற்றில் 80 என்று மத்திய அரசு அங்கே தெரிவித்தது. புற்றுநோய் ஆய்வில் சேர்கிறவர்களில் பலர் நோயாலேயே இறப்பார்கள் என்பதால் முதல் எண்ணைப் பார்த்து அலறத் தேவையில்லை. ஆனால் இரண்டாவது எண்ணை யார் முடிவு செய்தார், எப்படி முடிவு செய்தார் என்று கேட்கக் குடும்பத்துக்கு உரிமை உண்டா இல்லையா? 2020-ல் சென்னையில் கோவிஷீல்டு ஆய்வில் சேர்ந்த ஒருவர், தனக்குக் கடும் பாதிப்பு வந்தது என்று சொல்லி ஐந்து கோடி இழப்பீடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். தடுப்பூசிக்கும் அவர் நோய்க்கும் தொடர்பில்லை என்று விசாரணையில் முடிவானது. அது சரியாகவே இருக்கட்டும். நிறுவனம் பதிலுக்கு என்ன சொன்னது? நூறு கோடிக்கு மேல் மானநஷ்டம் கேட்போம் என்றது. தானாக முன்வந்து கையை நீட்டிய ஒருவருக்கு நூறு கோடி மிரட்டல். இந்தச் செய்தியைப் படித்தபின் அடுத்த ஆய்வுக்குத் தயங்குகிற வாசகரிடம் ‘உங்களுக்கு விழிப்புணர்வு போதாது’ என்று எந்த முகத்தோடு சொல்வது?

நிறுவனங்களின் தரப்பில் இன்னொரு பல்லவி உண்டு: 2013-க்குப் பிறகு சட்டம் கெடுபிடியாகிவிட்டது, அதனால்தான் ஆய்வுகள் நகரவில்லை என்று. அனுமதிகள் அப்போது சரிந்தது உண்மை. ஒளிப்பதிவோடு சம்மதம் வாங்க வேண்டும் என்ற விதி 2015-ல் தளர்த்தப்பட்டது. 2019-ல் வந்த புதிய விதிகள் அனுமதிக்குக் கால வரம்பே வைத்துவிட்டன. அதன்பின்னும் அதே புகார்தான். ஆகவே இந்தப் பல்லவிக்கு இதற்கு மேல் இடம் ஒதுக்கத் தேவையில்லை.

குமரி மக்களுக்கு ஆராய்ச்சி என்றாலே ஆகாது என்பவர்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கு ஒருமுறை போய்விட்டு வரட்டும். தோரியம் கலந்த மோனசைட் மணல் படிந்த கரை அது. மணலை அள்ளிப் பிரிக்கும் ஐ.ஆர்.இ.எல். ஆலை அங்கேதான். இந்தக் கதிர்வீச்சால் எங்களுக்குப் புற்றுநோய் கூடுகிறதா, கூடவில்லையா, ஒழுங்காக ஆராய்ந்து சொல்லுங்கள் என்று கடலோர ஊர்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் வந்தபோது அந்தக் குரல் இன்னும் உரத்தது. கேரளத்தின் கருநாகப்பள்ளியில் இதே வகை மணல் உண்டு. அங்கே ஆர்.சி.சி.யின் ஆட்கள் 1990 முதல் வீடுவீடாகப் போய் மூன்றே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களைச் சேகரித்தார்கள். இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009-ல் எழுதினார்கள். அது மருந்து ஆய்வு அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் கதவைத் திறப்பதா மூடுவதா என்று மக்கள் எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதை அது காட்டுகிறது. தங்களுக்கு இருக்கும் கேள்வியை யாராவது கேட்க வந்தால் திறக்கிறார்கள். குமரிக் கடற்கரைக்காரன் கேட்கும் ஆய்வு வருவதில்லை. அவன் கேட்காத ஆய்வுக்கு அவன் வரவில்லை என்று குறை சொல்கிறோம்.

நெய்யூரில் ஹோவார்ட் சோமர்வெல் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். எவரெஸ்ட் ஏறப் போய், திரும்பும் வழியில் தென் திருவிதாங்கூரைப் பார்த்துவிட்டு இங்கேயே பணியாற்ற முடிவெடுத்தவர். குடல்புண்ணோடு வந்து நின்றவர்களின் கூட்டத்தை வெட்டித் தைத்துக் குணமாக்கிய அனுபவத்தில் இருந்து, ஐ. எம். ஓர் என்ற சகாவோடு சேர்ந்து 1936-ல் குடல்புண்ணின் காரணமும் சிகிச்சையும் பற்றி எழுதினார். அவருக்கு ஆள்சேர்ப்பு அலுவலர் தேவைப்படவில்லை. சிகிச்சை முதலில் வந்தது, ஆராய்ச்சி அதற்குப் பின்னால் வந்தது. இன்றைய ஆய்வுகளில் வரிசை தலைகீழ்: ஆய்வு முடிந்ததும் மருந்தும் நின்றுவிடுகிறது, போனும் எடுக்கப்படுவதில்லை, முடிவு என்ன என்று பங்கெடுத்தவருக்கு ஒரு தபால் அட்டைகூட வருவதில்லை. ஒரு ஊரில் முதல் ஆய்வில் சேர்ந்தவர் இரண்டாவது ஆய்வைப் பற்றி டீக்கடையில் என்ன சொல்வார் என்பதுதான் அந்த ஊரின் ஆள்சேர்ப்பு. எந்த நோட்டீசும் அதை மாற்றாது.

ஆகவே, நம் மாவட்டத்து மருத்துவக் கல்லூரிகளின் நெறிமுறைக் குழுக்களில் உட்காரும் மருத்துவர்களிடமும், சட்டப்படி அங்கே இருந்தாக வேண்டிய வழக்கறிஞரிடமும், மருத்துவம் படிக்காத பொது உறுப்பினரிடமும் கேட்பது இதுதான். இனி எந்த ஆய்வாளராவது ‘ஆள் கிடைக்கவில்லை, கால அவகாசம் வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்தால், நான்கு எண்களை அவரிடமிருந்து வாங்குங்கள்: எத்தனை பேரிடம் நேரில் கேட்டீர்கள், எத்தனை பேரை உங்கள் நிபந்தனை கழித்தது, எத்தனை பேருக்கு இழந்த கூலியைக் கொடுத்தீர்கள், முந்தைய ஆய்வின் முடிவை அதில் சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்குச் சொன்னீர்கள். நான்கையும் நோட்டீஸ் பலகையில் ஒட்டுங்கள். அதன்பிறகும் குற்றம் மக்கள் மேல்தான் என்று தோன்றினால், அப்போது விழிப்புணர்வு முகாம் பற்றிப் பேசலாம்.